திலக் மார்க் வாசல்: உச்ச நீதிமன்றச் சேவைகள் குறித்து ஒரு நெல்லைக்காரரின் மதிப்புரை

சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள எழுபத்திரண்டு சென்ட் வயலுக்குப் போகும் ஒரு வண்டித்தடத்துக்காக என் சித்தி தொடுத்த வழக்கு, முன்சீப் நீதிமன்றத்தில் வென்று, சார்பு நீதிமன்றத்தில் தோற்று, மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீட்டின் தொடக்கத்திலேயே தள்ளுபடியாகி, கடைசியில் டெல்லி திலக் மார்க்கில் இருக்கும் உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சேர்ந்தது. குடும்பத்தில் ஆங்கிலம் படித்தவன், பணி ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவன் என்ற இரண்டு தகுதிகளால், அந்த வழக்கைத் தொடர்ந்து கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, பாளையங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி, அந்த நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் வழக்கு நிலை பக்கம், விசாரணைப் பட்டியல், வரிசை எண் பலகை, காணொலி விசாரணை, தீர்ப்புத் தேடல், தமிழ் மொழிபெயர்ப்பு, நேரலை ஆகிய எல்லாவற்றையும் கைபேசியிலேயே பயன்படுத்திப் பார்த்தேன். எங்கள் வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தச் சேவைகள் எப்படி இருந்தன என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில், என்ன சேவையைப் பெறப் போகிறோம் என்பதே நம் ஊரில் பலருக்குத் தெளிவாக இல்லை. மதுரைக் கிளையில் தோற்ற அன்று சித்தப்பா என்னிடம் சொன்னது இதுதான்: "இன்னும் ஒரு கோர்ட்டு பாக்கி இருக்குல்லா, அதையும் பாத்துருவோம்." மூன்று படி ஏறியவன் நான்காவது படியையும் ஏறிவிடலாம் என்ற கணக்கு அது. உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு நான்காவது படி அன்று. சார்பு நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடு செய்வது தோற்றவரின் உரிமை. சட்டம் சார்ந்த முக்கியமான கேள்வி இருந்தால் மட்டுமே இரண்டாம் மேல்முறையீடு நிற்கும். அதற்கும் மேலே போவதற்குப் பெரும்பாலான சிவில் வழக்குகளில் உரிமை என்று எதுவும் கிடையாது. அரசியலமைப்பின் 136-ஆம் பிரிவின் கீழ், "மேல்முறையீடு செய்ய எனக்குச் சிறப்பு அனுமதி தாருங்கள்" என்று கேட்டு மனுப் போடலாம், அவ்வளவுதான். அந்த அனுமதியைத் தருவதும் மறுப்பதும் நீதிபதிகளின் விருப்புரிமை. விதிவிலக்கான சூழ்நிலைகளில்தான் இது தரப்படும் என்று நீதிமன்றம் தொடங்கிய 1950-ஆம் ஆண்டிலேயே பிரீதம் சிங் வழக்கில் சொல்லிவிட்டார்கள். விதிவிலக்கு எது என்று எல்லை வகுத்துத் தரும்படி கேட்டபோது, 2016-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அப்படி வகுக்க மறுத்துவிட்டது. ஆகவே டெல்லியில் முதல் நாள் நடப்பது வழக்கின் விசாரணை அன்று. இந்த வழக்கை விசாரிக்க வேண்டுமா என்பதைப் பற்றிய விசாரணை. இந்த ஒரு வேறுபாட்டை எங்களுக்கு எவரும் முன்கூட்டியே சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இணையச் சேவைகளில் முதல் மதிப்பெண்ணை வழக்கு நிலை பக்கத்துக்குத்தான் கொடுப்பேன். மனு தாக்கலானவுடன் ஒரு டைரி எண் விழுகிறது. பதிவாளர் அலுவலகத்தின் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் முறையான வழக்கு எண் கிடைக்கிறது. டைரி எண்ணையும் ஆண்டையும் இட்டு, கீழே கேட்கப்படும் சிறு கூட்டல் கழித்தல் கணக்குக்கு விடை எழுதினால், வழக்கின் சரித்திரம் முழுவதும் திரையில் விரிகிறது. மனுதாரர் யார், கீழ் நீதிமன்ற விவரம் என்ன, எதிர்த்தரப்பு கேவியட் (தங்களைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்னும் முன்மனு) போட்டிருக்கிறதா, அலுவலகக் குறிப்பு என்ன சொல்கிறது என்று தனித்தனித் தலைப்புகள் உண்டு. அவற்றுள் "குறைபாடுகள்" என்று பொருள்படும் தலைப்பு ஒன்று இருக்கிறது. வழக்குப் போடுகிற எவரும் முதலில் அதைத்தான் திறந்து பார்க்க வேண்டும் என்பேன்.

காரணம் எங்கள் அனுபவம். எங்களுக்காக ஆஜரான டெல்லி வழக்கறிஞர் அலுவலகம் ஒன்று, பெயர் இங்கே வேண்டாம், மூன்று மாதமாக "ஃபைல் பண்ணியாச்சு, அடுத்த வாரம் லிஸ்ட்டில் வரும்" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருநாள் இரவு நானே டைரி எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, சுட்டிக்காட்டப்பட்ட குறைகள் ஒன்றுகூடச் சரிசெய்யப்படாமல் கிடந்தன. சில பக்கங்கள் மங்கலாக இருந்தன; ஓர் இணைப்புக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லை. அந்த இணைப்புதான் சித்தியின் 1958-ஆம் ஆண்டு மூலப் பத்திரம். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பட்டியலை அப்படியே படம் பிடித்து அனுப்பினேன்; ஒன்பது நாளில் வழக்கு எண் கிடைத்தது. நல்ல காலம், மொழிபெயர்ப்பு தாக்கலாகும் முன் எனக்கு ஒரு பிரதி வந்தது. பத்திரத்தில் "மாமூல் வண்டித்தட பாத்தியம் உள்பட" என்று எழுதியிருந்ததை, மொழிபெயர்த்தவர் வெறும் "சாலை" என்று பொருள்பட ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். சாலை என்றால் அது பஞ்சாயத்துக்குப் போய்விடும்; வண்டித்தடம் என்றால்தான் அது எங்கள் வழக்கு. ஒற்றைச் சொல்லைத் திருத்த இரண்டு நாள் ஆயிற்று. தமிழ்ப் பத்திரங்களை நம்பி டெல்லிக்குப் போகிறவர்கள் மொழிபெயர்ப்பைத் தாங்களே ஒருமுறை வரிக்கு வரி படித்துவிட வேண்டும். தாமிரபரணிக் கரையின் மடையும் வரப்பும் தெரியாதவர் செய்யும் மொழிபெயர்ப்பில் இலக்கணம் சரியாக இருக்கும், நிலம் இருக்காது.

செலவைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் இருக்க முடியாது. உச்ச நீதிமன்றத்தில் நம் பெயரில் மனுத் தாக்கல் செய்யும் அதிகாரம் எல்லா வழக்கறிஞர்களுக்கும் இல்லை. அந்த நீதிமன்றமே நடத்தும் தேர்வில் தேறிய, பதிவுபெற்ற வழக்கறிஞர் என்ற தனிப் பிரிவினருக்குத்தான் உண்டு. செய்தித்தாளில் பெயர் வரும் மூத்த வழக்கறிஞராக இருந்தாலும் அவர் மூலமாகத்தான் ஆஜராக வேண்டும். பாளையங்கோட்டை வழக்கறிஞர், மதுரை வழக்கறிஞர், டெல்லிப் பதிவு வழக்கறிஞர், வாதிடுபவர் என்று சங்கிலி நீளும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் கட்டணம் உண்டு. நீதிமன்றக் கட்டணம் அதில் ஓரத்தில் நிற்கும் சிறு தொகை. எங்கள் செலவுக்குச் சித்தியின் ஐந்து பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கியில் நகைக்கடனுக்குப் போயிற்று. எல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு விவரம் எனக்குத் தெரியவந்தது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி பெறத் தகுதி உண்டு. டெல்லியில் அதற்கென்றே உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு ஒன்று இயங்குகிறது. நம் மாவட்டத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையக்குழுவில் போய்க் கேட்டிருக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைத்திருக்கலாம். பட்டா சித்தியின் பெயரில், வழக்கு சித்தியின் பெயரில், அடகுக்குப் போன சங்கிலியும் சித்தியினுடையது. சித்தி இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவை ஒரு முறை பார்த்தார்.

இனி விசாரணை நாள். திங்களும் வெள்ளியும் புதிய மனுக்களுக்கு என்பது அங்கே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். எங்கள் மனு ஒரு திங்கட்கிழமை, இரண்டு நீதிபதிகள் அமர்வில், வரிசை எண் 37 ஆக வந்தது. முன்பெல்லாம் இதற்காகக் கன்னியாகுமரியிலிருந்து நிஜாமுதீன் போகும் திருக்குறள் விரைவு ரயிலில் திருநெல்வேலிச் சந்திப்பில் ஏறி, இரண்டு இரவு பயணம் செய்து, டெல்லிக் குளிரில் வாசலில் நுழைவுச் சீட்டுக்கு நிற்க வேண்டியிருக்கும். 2020-இல் பெருந்தொற்றின்போது தொடங்கிய காணொலி விசாரணை, நேரடி விசாரணையோடு சேர்ந்து தொடர்வதால் அந்தப் பயணம் மிச்சமாயிற்று. வழக்கறிஞர் அனுப்பிய இணைப்பு ஒரு கைபேசியில், எந்த நீதிமன்ற அறையில் எந்த எண் நடக்கிறது என்று காட்டும் வரிசை எண் பலகை இன்னொரு கைபேசியில் என்று வைத்துக்கொண்டு, பத்தரை மணிக்குச் சித்தப்பா, சித்தி, நான் மூவரும் உட்கார்ந்தோம்.

அந்தப் பலகையின் ஓட்டம்தான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. எண் 9 நான்கு நிமிடம் நின்றது. 14 முதல் 19 வரை நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் கடந்துவிட்டது. 22 இருபது நிமிடம் நின்றபோது சித்தப்பா, "அது பெரிய கேஸா இருக்கும்" என்றார். 37 வந்தது, எங்கள் வழக்கறிஞர் எழுந்து, நிலத்தைப் பார்வையிட்ட ஆணையரின் அறிக்கையைச் சார்பு நீதிமன்றம் பார்க்கவே இல்லை என்று தொடங்கினார். நீதிபதிகளுள் ஒருவர், முன்னிரவிலேயே படித்து வைத்திருந்தவர் என்பது தெளிவாகத் தெரியும்படி, மனுவின் ஒரு பக்க எண்ணைச் சொல்லி, அதில் அறிக்கை குறிப்பிடப்பட்டிருக்கிறதே என்று கேட்டார். எங்கள் வழக்கறிஞர் பதில் சொன்னார். இருவரும் தலையைச் சாய்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். கேவியட் போட்டிருந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாய் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. மூன்று நிமிடத்துக்குள் பலகையில் 38 என்று விழுந்தது. "முடிஞ்சிட்டா?" என்று சித்தி கேட்டார்.

மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார்களே என்று கோபப்படுவது எளிது. எனக்கும் அன்று மாலை வரை கோபம் இருந்தது. 2019-இல் நீதிபதிகளின் எண்ணிக்கையைத் தலைமை நீதிபதியோடு சேர்த்து 34 ஆக உயர்த்திய பிறகும், நிலுவை 80,000-ஐத் தாண்டி நிற்கும் நீதிமன்றம் அது. அமெரிக்காவில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே அமர்வாக உட்காருகிறார்கள். நால்வர் விரும்பினால்தான் ஒரு வழக்கு உள்ளே வரும், வேண்டாம் என்று கழிக்கப்படும் மனுக்களுக்கு வாய்மொழி வாதமே கிடையாது. நம் நீதிமன்றமோ இரண்டு பேர், மூன்று பேர் கொண்ட அமர்வுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு மனுவுக்கும் எழுந்து நின்று பேச ஒரு வாய்ப்பைக் கொடுக்கிறது. அந்த வாய்ப்பின் சராசரி அளவு மூன்று நிமிடமாகத்தான் இருக்க முடியும். பக்கம் பக்கமாக வாதத்தை அடுக்கும் மனுவைவிட, முதல் சில பக்கங்களில் வரும் சுருக்கமும் தேதிப் பட்டியலும் தெளிவாக இருக்கும் மனுவே அந்த மூன்று நிமிடத்துக்குப் பொருந்தும் என்பது என் முடிவு.

அன்று மாலையே உத்தரவு பிடிஎஃப் கோப்பாக இணையத்தில் ஏறிவிட்டது. ஒரு பக்கம், அதிலும் பாதி வழக்கறிஞர்களின் பெயர்கள். சாரம் இரண்டு வரி: தாமதம் மன்னிக்கப்பட்டது, உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட விரும்பவில்லை, மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு நாளிலிருந்து 90 நாட்களுக்குள் போட வேண்டிய மனுவை நாங்கள் 38 நாள் கழித்துப் போட்டிருந்தோம். அந்தத் தாமதத்தை மன்னித்துவிட்டு மனுவைத் தள்ளியது, வாசலில் வரவேற்று உட்காரச் சொல்லிவிட்டுச் சாப்பாடு இல்லை என்று சொன்னதுபோல் இருந்தது.

மறுநாளே எதிர்த்தரப்பார் ஊர் முழுக்க, "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டு, அது தடமே கெடையாதுன்னு" என்று சொல்லித் திரிந்தார்கள். உண்மையில் உச்ச நீதிமன்றம் அப்படி எதுவும் சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு இ-எஸ்சிஆர் என்னும் தீர்ப்புத் தேடல் தளம் உதவியது. 2023 ஜனவரியில் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில், முன்பு வழக்கறிஞர் அறைகளின் கண்ணாடி அலமாரிகளில் தடித்த தொகுதிகளாக இருந்த அதிகாரபூர்வத் தீர்ப்புத் திரட்டை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். அதில் 2000-ஆம் ஆண்டின் குஞ்ஞயம்மது வழக்குத் தீர்ப்பு கிடைத்தது. சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்தால், உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு இணைந்துவிடாது. கீழே எழுதப்பட்டது சரி என்று மேலே ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. விசாரிக்க எடுக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். காரணம் எழுதித் தள்ளுபடி செய்தால், அதில் சட்டம் பற்றிச் சொல்லப்பட்டவை 141-ஆம் பிரிவின்படி எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அனுமதி கொடுத்து, மேல்முறையீடாக மாற்றிக்கொண்ட பிறகு வழங்கப்படும் தீர்ப்பில்தான் கீழுள்ளது முழுவதும் கரைந்துபோகும்.

"தள்ளுபடி" என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை அடுக்கு. பக்கத்து மாவட்டத்து உதாரணமே இருக்கிறது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையைத் திறக்கக் கோரிய வேதாந்தா நிறுவனத்தின் சிறப்பு அனுமதி மனுவும் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடிதான் ஆயிற்று. ஆனால் அங்கே மூன்று நீதிபதிகள் பல நாள் வாதம் கேட்டு, சுற்றுச்சூழல் மீறல்களைப் பற்றியும் மக்களின் உடல்நலத்தைப் பற்றியும் காரணம் எழுதினார்கள். அதுவும் தள்ளுபடி, எங்களுடையதும் தள்ளுபடி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் தராசு என்ன செய்யும் என்று எதிர்த்தரப்பாரிடம் கேட்க ஆசைதான். ஆனாலும், சட்டப்படி எப்படியிருந்தாலும், மதுரைக் கிளையின் தீர்ப்பு அப்படியே நிற்கிறது, வண்டித்தடத்தில் கல் நட்டாயிற்று என்ற நிலைமை மாறவில்லை. மறு ஆய்வு மனு போடலாமா என்று சித்தப்பா கேட்டார். முப்பது நாளுக்குள் போடலாம். ஆனால் பொதுவாக அதை நீதிபதிகள் தங்கள் அறையிலேயே வாதம் கேட்காமல் படித்து முடிவு செய்வார்கள், அதற்கும் மேலே 2002-இல் உருவான 'கியூரேட்டிவ்' மனு, அதாவது மறு ஆய்வும் தோற்ற பிறகு போடும் கடைசி மனு, என்று ஒன்று இருந்தாலும் அது இன்னும் குறுகலான சந்து என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

உள்ளே எடுத்துக்கொள்ளப்பட்ட வழக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பி, நம் இராதாபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த கூடங்குளம் அணு உலைத் தீர்ப்பைப் படித்தேன். 2013 மே 6 அன்று வெளியான அந்தத் தீர்ப்பில், இரண்டு நீதிபதிகள் உலை இயங்கலாம் என்று சொல்லி, கூடவே 15 கட்டளைகளையும் இட்டார்கள். போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற அரசு முயல வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. முடிவோடு உடன்படாதவர்கள்கூட, ஒவ்வொரு வாதமும் எங்கே எடுத்துக்கொள்ளப்பட்டது, எங்கே கழிக்கப்பட்டது என்று அதில் விரல் வைத்துக் காட்ட முடியும்.

தமிழ் மொழிபெயர்ப்புச் சேவை 2019-இல் தொடங்கியது. தேர்ந்தெடுத்த தீர்ப்புகளுக்குத்தான் அது உண்டு. 348-ஆம் பிரிவின்படி நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடப்பதால் ஆங்கில மூலமே செல்லுபடியாகும். படிக்கிற சுகத்துக்காக அதைத் திறக்கக் கூடாது. ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் பொறுமை உள்ளவர்களுக்குப் பயன்படும்.

நேரலையோ எல்லோரும் பார்க்க வேண்டியது. அரசியலமைப்புக்கு விளக்கம் தரும் முக்கியமான கேள்வி என்றால் குறைந்தது ஐந்து நீதிபதிகள் அமர வேண்டும் என்கிறது 145-ஆம் பிரிவு. அத்தகைய அமர்வுகளின் விசாரணை 2022 செப்டம்பர் 27 முதல் நேரலையாக வருகிறது. தமிழ்நாட்டு ஆளுநர் நிறுத்தி வைத்த பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள், முழு நீதி வழங்கத் தேவையான உத்தரவை இட அதிகாரம் தரும் 142-ஆம் பிரிவைக் கொண்டு தீர்ப்பளித்ததும், அதன்பின் குடியரசுத் தலைவர் 143-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு 14 கேள்விகளை அனுப்பியதும் நினைவிருக்கலாம். ஐந்து நீதிபதிகள் பத்து நாள் கேட்ட அந்த விசாரணையில் பல மணி நேரத்தை நான் பார்த்தேன். ஒரு வழக்கறிஞரின் வாதத்தை ஒரு நீதிபதி இடைமறிக்க, இன்னொருவர் வேறு கோணத்தில் கேட்க, மூன்றாமவர் பழைய தீர்ப்பொன்றின் பத்தி எண்ணைச் சொல்ல, வழக்கு மெல்ல மெல்ல உருமாறுவது கண்ணுக்குத் தெரியும். நவம்பர் 20 அன்று, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிப்பதும் அரசியலமைப்பில் இல்லை என்று அவர்கள் கருத்துரைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும், எத்தனை பேர் அமர்கிறார்கள், எந்த வழக்கு எந்த அமர்வுக்குப் போகிறது என்பது முடிவை எவ்வளவு பாதிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் காட்டிவிட முடியாது. அமர்வுகளை ஒதுக்கும் அதிகாரம் முழுவதும் தலைமை நீதிபதியிடமே இருக்கிறது. இந்தச் சேவையில் வெளியிலிருந்து பார்க்க முடியாமல் மூடியிருக்கும் அறை என்று நான் கருதுவது அது ஒன்றைத்தான்.

டெல்லியைத் தவிர வேறு இடங்களிலும் அமரலாம் என்று 130-ஆம் பிரிவு இடம் தருகிறது. 2004-இல் மதுரைக் கிளை வந்த பிறகு நெல்லை வழக்காடிகளுக்குச் சென்னைப் பயணம் குறைந்ததைப் பார்த்தவன் என்ற முறையில், தென்னாட்டில் ஓர் அமர்வு வேண்டும் என்ற கோரிக்கை எனக்கு நியாயமாகவே படுகிறது. காணொலி பயணத்தை மிச்சப்படுத்துகிறது. டெல்லி வழக்கறிஞர் கட்டணத்தை மிச்சப்படுத்துவதில்லை.

போன வாரம் முக்கூடலிலிருந்து ஒருவர், பாகப்பிரிவினை வழக்கில் மதுரைக் கிளையின் தீர்ப்புப் பிரதியை மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, டெல்லிக்குப் போலாமா?" என்றார். திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் தீர்ப்பின் தேதியைப் பார்த்தேன். தொண்ணூறு நாளில் பதினொரு நாள் மிச்சம் இருந்தது. மனு யார் பெயரில் என்று கேட்டேன். அக்கா பெயரில் என்றார். அக்காவையும் அழைத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே சட்டப் பணிகள் ஆணையக்குழு அலுவலகத்துக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.